பின்சக்கரங்கள் சொன்ன சாட்சி

செட்டிநாட்டில் சரக்கு வண்டிகள் போகும் சாலையும் வரும் சாலையும் ஒன்றுதான். போகும் வண்டியும் வரும் வண்டியும் ஒன்றல்ல. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணம் ஊற்றி வார்த்து, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த தரைக்கற்களை ஏற்றிக்கொண்டு திருச்சிக்கோ மதுரைக்கோ புறப்படும் வண்டி, தன் அச்சு நோகும் அளவுக்குப் பாரம் சுமந்து செல்லும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வண்டியில் கொஞ்சம் வைக்கோலும், ஒரு தார்ப்பாயும், துணையாள் ஒருவருமே இருப்பர். பாரத்தோடு செல்கையில் அடக்கமாய் நடந்துகொள்ளும் இயந்திரம், வெறுமையாய்த் திரும்புகையில் துள்ளும். சிறு சரக்கு வண்டிகளை ஓட்டுவோர் இதை நன்கு அறிவர். அவற்றை வைத்துப் பிழைப்போர் அறிந்தும் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

மறையுரைக்கும் மறைக்கல்விக்கும் பழகிய நமக்குப் பிரேக்கைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். குருமடத்தில் நமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்களேயன்றி, டிரம் கழற்றக் கற்பிக்கவில்லை. ஒருவருடைய பிழைப்பு அந்த டிரம்முக்குள் அகப்பட்டுக்கொண்டபோது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

2012ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே, விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், கற்களை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பிய வண்டி ஒன்றின் எதிரே ஆட்டுமந்தை குறுக்கிட்டது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்புறம் வலப்பக்கமாய் வீசிச் சுழன்று, சாலையோரப் புளியமரத்தை உரசி, வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. ஆடுகள் தப்பின. துணையாளாய் வந்த இளைஞனின் வலக்கை முறிந்தது.

ஓட்டுநர் நம் பங்கைச் சேர்ந்தவர். மூன்று பெண்மக்களின் தந்தை; குடிப்பழக்கம் இல்லாதவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் வண்டி உரிமையாளர் ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டார்: "காலை வச்சு அழுத்தியிருக்கான்." சேதத்தின் செலவை ஓட்டுநரின் சம்பளத்திலிருந்து கழிப்பதென்றும், கழித்து முடிந்ததும் அவரை அனுப்பிவிடுவதென்றும் முடிவாயிற்று. உரிமையாளரைக் கொடியவர் என்று நாம் எழுதினால் அது அநீதியாகும். கடன் வாங்கி வண்டி வாங்கியவர். தவணை தவறினால் வண்டி போய்விடும் என்ற அச்சம் அவரைப் பேச வைத்தது.

ஓட்டுநரின் மனைவி பங்கு இல்லத்துக்கு வந்து, அழாமல், நின்றபடியே பேசினார். கணவர் பின்னால் நின்றிருந்தார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "லேசாத்தான் சாமி தொட்டேன், பின்னாடி சக்கரம் ரெண்டும் பிடிச்சுக்கிச்சு." இதற்கு முன்னரும் இருமுறை வெறும் வண்டி அப்படிச் சாய்ந்ததுண்டென்றும், சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லையென்றும் பின்னர் விசாரித்தபோது தெரிந்தது.

குற்றம் யாருடையது என்று முடிவு செய்யுமுன் வண்டியைப் பார்ப்போம் என்று உரிமையாளரிடம் கேட்டோம். இருவரும் ஏற்கும் ஒருவர் பார்க்க வேண்டும் என்றோம். உரிமையாளர் சிறிது யோசித்து, "பாய் சொன்னா ஒத்துக்கிறேன்" என்றார். ஓட்டுநர் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது.

பாய் என்று காரைக்குடி வட்டாரத்தில் வண்டிக்காரர் பலரும் அழைக்கும் அந்தப் பெரியவர், சிறுவயதில் பேருந்துப் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கியவர். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. வண்டியை இழுத்துவந்து நிறுத்தியதும் கழற்றத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் முக்காலியில் அமர்ந்து ஓட்டுநரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். லோடு இருக்கும்போது பிடிக்கிறதா, காலியாக இருக்கும்போதா? ஒரு சக்கரமா, இரண்டுமா? காலையில் முதல் மிதிக்கு மட்டுமா, ஓடிச் சூடான பிறகுமா? காலை எடுத்தால் விட்டுவிடுகிறதா, எடுத்த பிறகும் பிடித்தபடியே நிற்கிறதா?

இந்த நான்கு கேள்விகளுக்குள் நோய் நாடும் கலை முழுவதும் அடங்கியிருப்பதை, அன்று மாலை அவரிடமே கேட்டு அறிந்தோம். மழைநாளில் இரவெல்லாம் நின்ற வண்டியின் டிரம்முக்குள் மெல்லிய துரு படரும். முதல் ஓரிரு மிதிகளுக்குச் சக்கரம் வெடுக்கென்று பிடித்து, துரு தேய்ந்ததும் சரியாகிவிடும். அதற்கு மருந்து வேண்டா. ஒரே சக்கரம் மட்டும் பிடித்தால் காரணம் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் விடாமல் நின்றால், எண்ணெயின் அழுத்தம் எங்கோ சிறைப்பட்டிருக்கும், அல்லது கைப்பிரேக்கின் கம்பி துருவேறி இறுகியிருக்கும், அல்லது ஷூக்களைத் திரும்ப இழுக்கும் சுருள்வில் அறுந்திருக்கும். இவற்றுள் எது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்துவிட்டு, வீல் சிலிண்டரின் பின்னுள்ள சிறு காற்றெடுக்கும் திருகைத் தளர்த்த வேண்டும். எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் சுழலத் தொடங்கினால் நோய் எண்ணெய் வழியில் இருக்கிறது: மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கலாம், அல்லது ரப்பர் குழாய் உள்ளே ஊதிப்போய், போகும் எண்ணெயை விட்டுத் திரும்பும் எண்ணெயைத் தடுக்கலாம். திருகைத் தளர்த்தியும் சக்கரம் அசையாவிடில் நோய் இரும்பில் இருக்கிறது.

ஓட்டுநர் சொன்ன விடைகளோ வேறு. காலியாக இருக்கும்போதுதான்; இரண்டு சக்கரமும்; சூடானாலும் அப்படியே; காலை எடுத்தால் விட்டுவிடும். பாய் தலையசைத்தார். ஏதோ புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. உரிமையாளர் அவசரப்படுத்தவே, "நான் நெனக்கிறது சரியா இருக்கலாம். பாக்காம சொன்னா அது வாய்ச்சொல்லுதானே" என்றார். பல தீர்ப்பு மன்றங்களில் இல்லாத நிதானம் அது.

பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி ஏன் சுழல வேண்டும் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுவது நன்று. ஓடும் பேருந்து சட்டென நின்றால் நின்றிருப்போர் முன்னால் சாய்வதுபோல், பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசான சக்கரத்துக்குத் தரையைப் பற்றும் வலிமை குறைவு. அதற்கும் பாரமேற்றிய நாளின் பிரேக் அழுத்தத்தையே கொடுத்தால், சக்கரம் உருள்வதை விட்டு வழுக்கத் தொடங்கும். உருளும் சக்கரம் தான் செல்லும் திசையைப் பற்றிக்கொண்டிருக்கும். வழுக்கும் சக்கரத்துக்குத் திசையே கிடையாது. முன்சக்கரங்கள் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும்; பின்சக்கரங்கள் வழுக்கினால் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். தேருக்கு முட்டுக்கட்டை போடுவோர் இதை வேறு விதமாய் அறிந்திருக்கின்றனர்: எந்தச் சக்கரத்தில், எந்தக் கணத்தில் கட்டை விழுகிறது என்பதைப் பொறுத்தே தேர் நிற்பதும் திரும்புவதும். ஆகவேதான் எந்த வண்டியிலும் பின்சக்கரங்களுக்கு முன்னதாக முன்சக்கரங்கள் பூட்ட வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள்.

மிதியின் அழுத்தம் எண்ணெய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் விதியைக் கண்டவர் பிலேஸ் பஸ்கால். 1623இல் பிறந்து 1662இல் மறைந்த அந்தப் பிரெஞ்சு அறிஞரை நாம் குருமடத்தில் கிறிஸ்தவச் சிந்தனையாளராகப் படித்தோம். மூடிய பாத்திரத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்ற அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றி நமக்கு ஒருவரும் விரிவாய்ச் சொன்னதில்லை. வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறை படிந்த தரையில் அவரை மீண்டும் சந்தித்தது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

பாய் இரு பின்சக்கரங்களையும் தூக்கிக் கையால் சுழற்றினார். தடையின்றிச் சுழன்றன. ஷூக்களை அளவுக்கு மீறி நெருக்கி வைக்கவில்லை. கைப்பிரேக் கம்பியும் இறுகியிருக்கவில்லை. டிரம்களைக் கழற்றியதும் உதவிப் பையன் உள்ளே படிந்த தூளை வாயால் ஊதப்போனான். பாய் அவன் தோளைப் பிடித்து இழுத்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்த காலத்திலிருந்து அவர் கைக்கொண்ட பழக்கம் அது. உடன் வேலை செய்த சிலர் மூச்சிரைத்துப் போனதைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

டிரம் பிரேக்கில் ஒரு விந்தை உண்டு. இரு ஷூக்களுள் சக்கரம் சுழலும் திசைக்கு ஏற்ப அமைந்த முன் ஷூவை, டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது. நாம் தரும் வலிமையைத் தானே பெருக்கிக்கொள்ளும் இந்த இயல்பால்தான், 1902இல் லூயி ரெனோ இதை அமைத்த நாள்தொட்டு இன்றுவரை பார வண்டிகளில் டிரம் நிலைத்திருக்கிறது. அதே இயல்பே ஆபத்துமாகும். லைனிங்கில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் பிடி பன்மடங்கு மாறும். அச்சின் எண்ணெய்ச் சீல் கசிந்து லைனிங்கில் இலேசாக எண்ணெய் படிந்தால், பிடி குறையும் என்றுதான் நாம் நினைப்போம். பல வேளைகளில் சக்கரம் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் ஷூக்களை மாற்றிப் பொருத்தினாலும் தொல்லை வரும். பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். லைனிங் காய்ந்திருந்தது. ஷூக்கள் தத்தம் இடத்தில் இருந்தன. டிரம்மின் உட்சுவரில் விரலை ஓட்டி, குறுக்களவை இரு திசையிலும் அளந்து, கடைசலுக்கு அனுப்பத் தேவையில்லை என்றார்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியபோது மட்டும் பழுப்பாய்ச் சிறிது துரு தெரிந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 எனப்படும் வகை, புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையே அதற்கு விதித்த எல்லை. நீர் சேரச் சேர உள்ளே துருவும் பிடிக்கும். காரைக்குடிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேருவின் கையால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்பு அரிபடுவதை ஆராய்வதையே தன் பெரும்பணிகளுள் ஒன்றாய்க் கொண்டது. அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே ஓடும் வண்டிகளில் பிரேக் எண்ணெயை ஆண்டுக்கணக்காய் மாற்றாதிருப்போர் எத்தனையோ பேர். ஆயினும் அந்தத் துருவும் குற்றவாளியன்று. பிஸ்டன்கள் இரு பக்கமும் எளிதாய் நகர்ந்தன.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகே பாய் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "சாமி, நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அண்ணே, நீங்களும்" என்றார்.

பின்னச்சுக்கு மேலே, சட்டத்தில் பொருத்திய ஒரு சிறு வால்வு. பட்டறைகளில் லோடு வால்வு என்பர். அதிலிருந்து ஒரு நெம்புகோல் நீண்டு, ஒரு கம்பியால் அச்சோடு இணைந்திருக்கும். பாரம் ஏறினால் வண்டியின் உடல் அமிழ்ந்து அச்சை நெருங்கும். நெம்புகோல் மேலே எழும். வால்வு பின்பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் விடும். பாரம் இறங்கினால் உடல் உயரும், நெம்புகோல் தாழும், வால்வு அழுத்தத்தைக் குறைத்துக்கொடுக்கும். போகும் வண்டியும் வரும் வண்டியும் ஒன்றல்ல என்பதை அறிந்து நடக்கும் உறுப்பு வண்டியில் அது ஒன்றுதான். அந்த நெம்புகோலை, எழுந்த நிலையிலேயே, கட்டடம் கட்டுவோர் பயன்படுத்தும் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றிச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியும் துருவேறியிருந்தது.

"வண்டி எப்பவும் லோடு இருக்குன்னே நெனச்சுக்கிட்டு ஓடுது" என்றார் பாய்.

யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்ற கேள்வி எழுந்தது. பாய் கையிலிருந்த விளக்கைப் பின்பக்க வில்பட்டைகளின்மேல் காட்டினார். இரு பக்கமும் தொழிற்சாலை வைத்த பட்டைகளோடு ஒவ்வொரு பட்டை கூடுதலாய்ச் சேர்ந்திருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னவர் உரிமையாளரே; கற்களின் கட்டு நாலைந்து அதிகமாய் ஏற்றலாம் என்பது கணக்கு. இதை அவர் மறைக்கவில்லை. எங்கும் நடப்பதுதானே என்றார். எங்கும் நடப்பது உண்மையே. அதன் பின்விளைவுதான் யாருக்கும் தெரிவதில்லை. கூடுதல் பட்டையால் வண்டி விறைத்துப்போயிற்று. எவ்வளவு ஏற்றினாலும் முன்போல் அமிழவில்லை. அமிழாததால் லோடு வால்வு பாரம் இல்லையென்று கருதிப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தது. பாரத்தோடு போகையில் வண்டி நிற்க நேரமாயிற்று. "பிரேக் பத்தலை" என்று ஓட்டுநர் முறையிட்டார். ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர், வால்வு கோளாறாகிவிட்டது என்று எண்ணி, அதை முழு நிலையில் கட்டிவைத்துவிட்டார். பாரத்தில் பிரேக் சரியாயிற்று, எல்லாருக்கும் நிம்மதி. வெறும் வண்டி அன்றுமுதல் வழுக்கத் தொடங்கியது.

கம்பியைக் கட்டியவர் இன்னார் என்று தேடிப் போக உரிமையாளர் விரும்பினார். நாம் அதை ஊக்குவிக்கவில்லை. ஓட்டுநர் சொன்னதும் நம் நெஞ்சில் நின்றது: முறையிட்டது தாமே என்றும், என்ன செய்தார்கள் என்று குனிந்து பார்க்கவில்லை என்றும் அவராகவே சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

பெரிய லாரிகளில் இந்நோய் வேறு உருவில் வரும் என்பதையும் பாய் அன்று சொன்னார். அவை காற்றால் இயங்குபவை. நிறுத்தப் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது ஒரு வலிய சுருள்வில். அதை விலக்கிவைப்பதே காற்றின் வேலை. குழாயில் கசிந்து காற்று குறைந்தால், ஓட்டுநர் தொடாமலே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்றழுத்த முள்ளை. 1911இல் மதுரையில் சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தவர்கள், சென்னைப் பாடியில் 1962இல் எண்ணெய்ப் பிரேக்குக்கு ஒன்றும் காற்றுப் பிரேக்குக்கு ஒன்றுமாக இரு தொழிற்சாலைகளைத் தொடங்கியது முதல், நாட்டின் பேருந்துகளும் லாரிகளும் நிற்பதற்குத் தமிழ்நாடு பெரும்பங்கு ஆற்றி வருகிறது. சக்கரம் பூட்டுமுன் மின்கருவியே அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு, பெரிய லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் 2015இல் கட்டாயமாயிற்று. நாம் சொல்லும் வண்டி அதற்கெல்லாம் முந்தியது, சிறியதுங்கூட.

புதிய லோடு வால்வு மதுரையிலிருந்து வர நான்கு நாள் ஆயிற்று. கூடுதல் பட்டைகளைக் கழற்றாமல் வால்வைப் பொருத்த மாட்டேன் என்று பாய் உறுதியாய் நின்றார். உரிமையாளர் வாதாடிப் பார்த்து இறங்கிவந்தார். பட்டைகள் கழன்றன, எண்ணெய் மாறியது, நெம்புகோலின் உயரத்தை வெறும் வண்டியில் அளந்து வைத்தார்கள். பிறகு ஆளில்லாத மண்சாலை ஒன்றில், காலி வண்டியை மெல்ல ஓட்டிச் சட்டென நிறுத்தச் சொன்னார் பாய். உரிமையாளர் வேறோர் ஓட்டுநரைக் கூப்பிட நினைத்தார். பாய் மறுத்து, வாய்க்காலில் இறக்கியவரையே ஏறச் சொன்னார். வண்டி நேராய் நின்றது. பாய் நடந்துபோய் ஈரச் செம்மண்ணில் பதிந்த தடங்களைக் குனிந்து பார்த்தார். முன்சக்கரங்கள் இழுத்த கோடு தெளிவாய் இருந்தது. பின்சக்கரங்களின் தடத்தில் டயரின் பூ வேலைப்பாடு கலையாமல் அச்சாய் விழுந்திருந்தது.

உரிமையாளர் அந்த மாதச் சம்பளத்தைக் கழிக்காமல் கொடுத்தார். துணையாளின் கைக்கட்டுச் செலவையும் ஏற்றார். முழுவதையும் அன்று, பெரும்பகுதியை. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஓட்டுநர் மேலும் இரண்டு ஆண்டுகள் அவரிடமே வேலை பார்த்தார். பிறகு மூத்த மகளின் படிப்பை முன்னிட்டுத் திருச்சிக்குக் குடிபெயர்ந்து, அங்கே பள்ளி வண்டி ஓட்டினார். துணையாள் இளைஞனின் கை கூடிவிட்டது. ஆனால் முழங்கைக்கு மேல் பாரம் தூக்க இயலாமல், காரைக்குடியிலேயே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தான்.

கழற்றிய வில்பட்டைகள் இரண்டும் சில மாதங்கள் பாயின் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. மறுமழைக்கு முன், கல் வியாபாரம் சூடுபிடித்த வேளையில், உரிமையாளர் ஒருநாள் வந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பாய் ஒன்றும் சொல்லாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். அடுத்த வாரம் திருப்பாச்சேத்தியிலிருந்து வந்த கொல்லர் ஒருவர் லாரிப் பட்டை கேட்கவே, பாய் இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டார். அந்த எஃகில் அரிவாள் நன்றாய் வரும் என்பார்கள்.